வெள்ளிக்கிழமைப் பை: யூதப் பாலர் பள்ளியில் குடும்பங்களோடு ஒட்டுறவு வளர்ப்பது எப்படி

அமெரிக்காவில் பாலர் பள்ளிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர். அதில் சிலர் என்னைப் போல யூதப் பாலர் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம், வீட்டுக்குப் பக்கம், நேரமும் தோது, நம் குழந்தைக்கும் அங்கேயே இடம் கிடைக்கும் என்று. முதல் வாரம் ஹீப்ரு பாட்டு, மெழுகுவர்த்தி, தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தொப்பி என எல்லாமே புதுசாக இருக்கும். அப்புறம் பழகிவிடும். மூன்று வயசுக் குழந்தை எங்கேயும் மூன்று வயசுக் குழந்தைதான். பெற்றோரோடு பழகும் விதத்தில்தான் இந்தப் பள்ளிகளுக்கென்று தனி வழி இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் தப்பாக நினைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிற பெற்றோர் எல்லாருக்கும் யூத வழக்கங்கள் தண்ணீர் பட்ட பாடு, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகளின் சிவப்புப் பையைக் கையில் பிடித்தபடி ஒரு அப்பா வகுப்பு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே குழந்தைகள் மெழுகுவர்த்திப் பிரார்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “வீட்டில் இவள் என்னையும் பாடச் சொல்கிறாள், எனக்கு முதல் நாலு வார்த்தைக்கு மேல் வராது, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை” என்றார். அவர் யூதர்தான். சின்ன வயசில் பாட்டி வீட்டில் கேட்டதோடு சரி.

யூதப் பாலர் பள்ளியில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான். தெரியாது என்று சொல்லக் கூச்சம். பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் 2020-ல் எடுத்த கணக்கின்படி, 2010-க்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்ட அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதரல்லாதவர். அதாவது உங்கள் வகுப்பில் அம்மாவுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாமலும், இரண்டு பேருக்கும் தெரியாமலும், யூதர்களே இல்லாமல் பள்ளி நன்றாக இருக்கிறது என்பதற்காகவே வந்தவர்களாகவும் வீடுகள் இருக்கும். இதற்கு நேர் எதிராக, எல்லாவற்றையும் நுணுக்கமாகக் கடைப்பிடிக்கிற வீடும் ஒன்றிரண்டு இருக்கும். எல்லாருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் ஒரு பக்கம் கூச்சப்படும், இன்னொரு பக்கம் முகம் சுளிக்கும்.

சேரும்போதே கேளுங்கள்

சேர்க்கைப் படிவத்தில் ‘மதம்’ என்று ஒரு கட்டம் இருப்பதில் எந்தப் பிரயோசனமும் இல்லை. ஆகஸ்டில், பள்ளி திறக்கும் முன்பு, ஒவ்வொரு வீட்டோடும் இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் வீட்டில் எப்படிப் போகும் என்று மட்டும் கேளுங்கள். ஷபாத் என்பது வெள்ளி மாலையிலிருந்து சனி ராத்திரி வரை வரும் யூதர்களின் ஓய்வு நாள். ‘ஷபாத் கடைப்பிடிக்கிறீர்களா’ என்று கேட்டால் அது பரீட்சைக் கேள்வி மாதிரி ஆகிவிடும், ஆளுக்கு ஆள் சமாளித்து ஒரு பதில் சொல்வார்கள். வெள்ளி ராத்திரி பற்றிக் கேட்டால் பீட்சா, படம், தாத்தா வீட்டுச் சாப்பாடு, எட்டு மணிக்கே தூக்கம் என்று உள்ளது உள்ளபடி வரும்.

தாத்தா பாட்டியைக் குழந்தை எப்படிக் கூப்பிடுகிறது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹீப்ரு வழக்கில் சவ்தா, சபா என்பார்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி வழக்கில் பபி, ஸேடி என்பார்கள், சாதாரண கிராண்ட்மாவும் உண்டு. நம்மில் பாட்டி, அம்மாச்சி, ஆத்தா இருப்பது போலத்தான். திங்கட்கிழமை காலையில் “சவ்தா வீட்டுக்குப் போனியா?” என்று சரியான பெயரில் கேட்டால் குழந்தை வாய் திறக்கும், வாசலில் நிற்கும் அம்மாவும் வாய் திறப்பாள்.

ஹீப்ருப் பெயர் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நீங்களாக ஒன்று சூட்டாதீர்கள். குடும்பத்தில் அம்மா அப்பா என்று இருவர்தான் இருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை காலைச் சடங்கில் ஒரு குழந்தையை ‘ஷபாத் இமா’, ஒரு குழந்தையை ‘ஷபாத் அபா’ என்று உட்கார வைப்பார்கள், அதாவது ஷபாத் அம்மா, ஷபாத் அப்பா. இரண்டு அம்மாக்கள் உள்ள வீட்டுக் குழந்தையும் ஒற்றைப் பெற்றோரின் குழந்தையும் வரத் தொடங்கியதால் நிறைய இடங்களில் அதை ‘ஷபாத் உதவியாளர்’ என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் பள்ளியில் இன்னும் மாற்றவில்லை என்றால் மெதுவாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பழைய மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பள்ளியாக இருந்தால் முதலில் தலைமை ஆசிரியையிடம் தனியாகக் கேளுங்கள், அங்கே வழக்கம் வேறு.

வாசல்

ஆபிரகாமின் கூடாரம் நாலு பக்கமும் திறந்திருந்தது, எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் சுற்றி வர வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக, என்று யூத மரபில் ஒரு கதை உண்டு. விருந்தோம்பல் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்வார்கள். ஆனால் நிஜத்தில் நம் பள்ளி வாசல் பூட்டியிருக்கும், ரகசிய எண் இருக்கும், காவலர் நிற்பார். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. இதைக் குறை சொல்ல முடியாது. பெற்றோருக்கும் அதுதான் நிம்மதி. ஆனால் அந்தப் பூட்டு தினமும் காலையில் ஒரு அம்மாவுக்கு ‘நீ வெளி ஆள்’ என்று சொல்லாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

அதற்கு எங்களுக்குப் பலன் கொடுத்தது ரொம்ப எளிமையானது. காவலருக்கு எல்லாக் குடும்பங்களின் பெயரையும் படத்தோடு கொடுத்தோம், ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். அவர் பெயர் சொல்லி வணக்கம் சொன்ன நாளிலிருந்து வாசல் மாறிவிட்டது. அடுத்தது, முடிந்தால் பெற்றோர் வகுப்பு வரை வந்து விட்டுப் போகட்டும், காரிலிருந்தே இறக்கிவிடும் வரிசை சௌகரியம்தான், ஆனால் அதில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. வர முடியாத பள்ளி என்றால் ஒரு ஆசிரியை தினமும் அதே இடத்தில் வெளியே நிற்கட்டும். ஆள் மாற்றி மாற்றி நிறுத்தினால் பேச்சு வளராது.

பை

இனி முக்கியமான விஷயம். பெற்றோர் பள்ளிக்கு எத்தனை முறை வந்தார்கள் என்று பல பள்ளிகள் கணக்கு வைக்கின்றன. பள்ளியிலிருந்து எது வீட்டுக்குப் போய் அங்கே உயிரோடு இருந்தது என்று பாருங்கள் என்பேன் நான். அதற்கு ஷபாத் பையைப் போல வேறொன்று இல்லை. வாரம் ஒரு குழந்தை வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுபோகும், திங்கள் திருப்பிக் கொண்டுவரும். உள்ளே இரண்டு சின்ன மெழுகுவர்த்தித் தாங்கிகள், மெழுகுவர்த்தி, திராட்சைச் சாறு ஊற்ற ஒரு கிண்ணம், ஹல்லா ரொட்டியை மூட ஒரு துணி, ஒரு துணிப் பொம்மை, ஒரு நோட்டு.

பிரார்த்தனை அட்டை ஒன்றும் வையுங்கள். ஹீப்ரு எழுத்தில் ஒரு வரி, அதே உச்சரிப்பு ஆங்கில எழுத்தில் ஒரு வரி, அர்த்தம் ஒரு வரி. அட்டையில் ஆசிரியை பாடிய பதிவுக்கான குறியீட்டையும் ஒட்டிவிட்டால் அந்தச் சிவப்புப் பை அப்பாவைப் போன்றவர்கள் காரிலேயே கேட்டுப் பழகிவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: கடவுளின் பெயர் ஹீப்ருவில் முழுதாக எழுதிய காகிதத்தை யூதர்கள் குப்பையில் போடுவதில்லை, தனியாகச் சேர்த்து வைத்துப் புதைப்பது வழக்கம். அதனால் வாராவாரம் தாளில் அச்சடித்துக் கொடுக்காதீர்கள். நீடித்து உழைக்கும் அட்டை ஒன்று போதும், கிழிந்தால் யூத மதகுருவான ரபியிடம் கொடுத்துவிடுங்கள்.

நோட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் பக்கத்தை யார் எழுதுகிறார்களோ அவர்கள்தான் வருஷம் முழுவதற்கும் அளவுகோல் வைக்கிறார்கள். முதல் வருஷம், கலைநயம் மிகுந்த ஒரு குடும்பத்திடம் முதலில் போய்விட்டது. வெள்ளை விரிப்பு, பூ, ஆறு படங்கள், வண்ணப் பேனாவில் இரண்டு பக்கம். அடுத்த வாரக் குடும்பம் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பையை அப்படியே திருப்பி அனுப்பியது, மெழுகுவர்த்தி பிரிக்கப்படவே இல்லை. இப்போது முதல் பக்கத்தை நாங்களே எழுதுகிறோம்: “பீட்சா சாப்பிட்டோம். சின்னவன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டான். திரும்பவும் ஏற்றினோம். அவன் திரும்பவும் ஊதினான்.” பக்கத்தில் நிஜமான ஒரு திராட்சைச் சாறு கறை. அதற்குப் பிறகு எல்லாரும் எழுதுகிறார்கள், மூன்று வரியாக இருந்தாலும்.

இந்தப் பை கூட அதிகம் என்று தோன்றும் வீடுகளுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளி ராத்திரி பெற்றோர் குழந்தையின் தலையில் இரண்டு கையையும் வைத்து ஆசீர்வதிப்பது யூத வழக்கம். பையனை எப்பிராயீம் போலவும் மனாசே போலவும், பெண்ணை சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போலவும் கடவுள் ஆக்கட்டும் என்று. அதன்பின் பலர் தங்கள் சொந்த வார்த்தை ஒன்றையும் காதில் சொல்வார்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், ரொட்டி வேண்டாம், ஹீப்ரு தெரிய வேண்டாம், குழந்தையின் தலை இருந்தால் போதும். இந்த வாரம் உங்கள் மகன் செய்த ஏதாவது ஒன்றைக் காதில் சொல்லுங்கள், அது போதும் என்று நான் சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில்கூட இதை மறுத்ததில்லை.

மாவு

ஷபாத் மேஜையில் இரண்டு ஹல்லா வைப்பார்கள், வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பங்கு கிடைத்ததன் ஞாபகமாக. குழந்தைகள் பள்ளியில் பின்னுவார்கள். நீங்கள் பள்ளியிலேயே சுட்டுக் கொடுத்தால் காரில் பாதி தின்று தீர்ந்துவிடும். பின்னிய மாவாகவே அலுமினியத் தட்டில் வைத்து அனுப்புங்கள், வீட்டில் முட்டை தடவி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் சுட்டால் வீடு முழுக்க மணக்கும், எந்தச் செய்திமடலும் செய்யாத வேலையை அந்த மணம் செய்யும். ஆனால் போனவுடன் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி எழுதி ஒட்டுங்கள். ஒரு மே மாதம் நான் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டேன். வெயிலில் நின்ற காருக்குள் மாவு பொங்கி, பையைக் கிழித்து, ஒரு குழந்தையின் ஸ்வெட்டரோடு ஒன்றாகிவிட்டது. அந்த அம்மா அனுப்பிய படம் இன்னும் எங்கள் அறைச் சுவரில் இருக்கிறது.

சாப்பாடு என்று வந்தால் கோஷர் என்னும் யூத உணவு விதியைத் தெளிவாகவும் சிரித்த முகமாகவும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பன்றி, இறால், நண்டு கிடையாது, இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. பல பாலர் பள்ளிகள் குழப்பமே வேண்டாம் என்று இறைச்சியை முழுதாக விட்டுவிடுகின்றன, அதனால் சைவ வீடுகளுக்கு இங்கே பெரிய நிம்மதி, முட்டையையும் மீனையும் மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். சிக்கல் வருவது பிறந்தநாளில். ஆசை ஆசையாக வீட்டில் கேக் செய்து கொண்டுவரும் அம்மாவை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் அந்தக் காயம் வருஷம் முழுக்க ஆறாது. செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள், கூடவே என்ன கொண்டுவரலாம் என்றும் சொல்லுங்கள்: முழுப் பழம், கோஷர் முத்திரை உள்ள பிரிக்காத பொட்டலம், அல்லது வகுப்பில் வந்து ஒரு கதை படிப்பது. கதை படிக்க வந்த அப்பாக்களைப் பற்றிக் குழந்தைகள் மாதக்கணக்கில் பேசுவார்கள், கேக்கைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நாள், நேரம்

வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்பே, வழக்கமாக 18 நிமிஷம் முன்னதாக, மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். அதிலிருந்து சனி ராத்திரி வரை ஷபாத். கடைப்பிடிக்கும் வீடுகளில் போனைத் தொட மாட்டார்கள். இது தெரிந்திருந்தும் நான் ஒருமுறை வெள்ளி ராத்திரி எட்டு மணிக்கு, ‘நாளைக்குள் பெயர் கொடுப்பவர்களுக்கு மட்டும் இடம்’ என்று குழுவில் செய்தி போட்டேன். இரண்டு குடும்பங்கள் சனி ராத்திரி பார்த்தபோது இடம் தீர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அது மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை அனுப்புங்கள். விழா என்றால் ஞாயிறு.

சனிக்கிழமைக்கென்று ஒரே ஒரு நிகழ்ச்சி உண்டு, அதுவும் ராத்திரி: ஹவ்தலா, ஷபாத்தை வழியனுப்புவது. பின்னிய மெழுகுவர்த்தி, மசாலா வாசனை, திராட்சை ரசம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். குழந்தைகள் இரவு உடையிலேயே வரலாம். இதை டிசம்பரில் வையுங்கள், நியூயார்க் பக்கம் அப்போது ஐந்தரைக்கெல்லாம் நட்சத்திரம் தெரிந்துவிடும். ஜூனில் வைத்தால் ஒன்பது மணி தாண்டும், தூக்கத்தில் அழும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் ஓடுவதைத்தான் பார்ப்பீர்கள். எங்கள் ஹவ்தலா ஒன்றில் விளக்கை அணைத்து, பொடித்த கிராம்பையும் பட்டையையும் வட்டமாகக் கைமாற்றினோம். அதுவரை ஒரு வார்த்தை பேசாத ஒரு சீன அம்மா, தன் அம்மா வீட்டு மருந்துக் கடை வாசனை என்று பக்கத்து அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். இன்று இருவரும் ஒரே காரில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

பண்டிகைகளுக்குப் பெற்றோரைப் பார்வையாளராகக் கூப்பிடாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். கூடாரப் பண்டிகைக்குச் சுக்கா என்னும் தற்காலிகக் குடில் கட்ட ஏணி பிடிக்க ஆள் வேண்டும், பூரிம் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கும் தின்பண்டப் பொட்டலம் கட்ட வேண்டும், பஸ்கா பண்டிகைக்கு முன் அலமாரியைத் துடைக்க வேண்டும். ஏணியைப் பிடித்தவன் அடுத்த வருஷம் சொல்லாமலே வருவான். பண்டிகை நாட்கள் சந்திரனோடு போவதால் ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் நகரும், விடுமுறைப் பட்டியலை ஜூனிலேயே கையில் கொடுங்கள், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் அது.

டிசம்பரில் ஒரு குழந்தை “எங்க வீட்ல கிறிஸ்துமஸ் மரம் வச்சிருக்கோம்” என்று சொல்லும். அறையில் ஒரு நொடி அமைதி விழும். “மேல நட்சத்திரம் வச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அந்த ஒரு பதில் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நல்லது கெட்டது

ஒரு அம்மா கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்தால் வளைகாப்பு ஞாபகத்தில் ரகசியமாக விழா ஏற்பாடு செய்துவிடாதீர்கள். பிறக்கும் முன்பே கொண்டாடுவதைப் பல யூத வீடுகள் தவிர்க்கும். மஸல் தோவ், அதாவது வாழ்த்துகள், என்றுகூட அப்போது சொல்ல மாட்டார்கள், ‘பெஷா தோவா’, நல்ல வேளையில் நடக்கட்டும் என்பார்கள். பிறந்த பிறகு ஆளுக்கொரு நாள் சாப்பாடு கொடுக்க முறை போட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்த வீடு கோஷர் என்றால் உங்கள் அடுப்பில் சமைத்தது அவர்களால் சாப்பிட முடியாது, கேட்டுவிட்டுக் கோஷர் கடையில் வாங்கிக் கொடுங்கள். சாவு வீட்டில் ஏழு நாள் ஷிவா, அதாவது துக்கம், இருப்பார்கள். பூ கொண்டுபோகும் வழக்கம் இல்லை. போய் உட்காருங்கள், அவர்களாகப் பேசும் வரை நீங்கள் பேச வேண்டியதில்லை.

சின்னச் சின்ன வேலைகள் சில. வீட்டில் குழந்தை செய்த நல்ல காரியத்தைப் பெற்றோர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பும் மிட்ஸ்வா சீட்டு நல்ல ஏற்பாடு, காலை வட்டத்தில் படித்துச் சுவரில் ஒட்டுங்கள், யாருக்கு எத்தனை என்று மட்டும் எண்ணாதீர்கள். வெள்ளிக்கிழமை ஸெடாகா என்னும் தர்ம உண்டியலில் போட இப்போது யாரிடமும் சில்லறை இருப்பதில்லை, வாசலில் ஒரு கிண்ணம் காசு வையுங்கள். பிஜே லைப்ரரி என்ற அமைப்பு 2005-லிருந்து யூத வாழ்க்கையைச் சொல்லும் குழந்தைப் புத்தகங்களை இலவசமாக வீட்டுக்கே அனுப்புகிறது, பதிவு செய்யும் வழியைத் துண்டுத்தாளில் கொடுத்தால் தொலைந்துவிடும், குழந்தையை விட வரும்போது அங்கேயே உட்கார்ந்து சேர்த்துவிடுங்கள்.

வருஷக் கடைசியில் பையைத் துவையுங்கள், தாங்கிகளில் ஒட்டிய மெழுகைச் சுரண்டுங்கள், பொம்மையின் காதைத் தைத்துவிடுங்கள். நோட்டை மட்டும், எழுதிய குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்படியே உள்ளே வையுங்கள். புதிதாக வரும் பெற்றோர் முதலில் புரட்டுவது அதைத்தான்.